சுழி பார்க்கும் மருமவனுக்கு

வாரும் மருமவனே, உக்காரும். செக்யூரிட்டி ஆடிட்டு முடிஞ்சிட்டுன்னு உம்ம அம்மைகிட்டச் சொன்னீராமே, அவ தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. பத்துப் பேரு வருசக்கணக்கா எழுதுன சி கோடு. அதை மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காப்பிக்கும் நடுவுல ஆடிட்டு பண்ணி முடிச்ச ஆளு நம்ம குடும்பத்துல இருக்காருன்னா எனக்கும் பெருமைதானே. அந்த ரிப்போர்ட்ட இப்படிக் கொடும். கிழவன் வெண்டைக்கு மருந்தடிச்சுட்டுக் கெடக்கான், இவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதேயும். நானும் அந்தச் சி-யில சோறு தின்னவன்தான். பாயிண்டர் அவ்வளவு லேசுல மறந்துபோவாது, அதுவும் தப்பான எடத்தைக் காட்டுன பாயிண்டர்.

ஓகோ, ஃபிளாஃபைண்டர் ஓட்டியிருக்கீரு. நல்ல டூல்தான். ஆயிரத்துச் சொச்சம் வார்னிங் வந்திருக்கு. அதுல ரிஸ்க் 4, 5-ன்னு இருந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து, ஸ்ட்ர்காபி இருந்த எடத்துல எல்லாம் ஸ்ட்ர்என்காபின்னு மாத்திட்டு, 4-க்குக் கீழ இருந்ததை மொத்தமா ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’னு ஒரே கோட்டுல அடிச்சுத் தள்ளிட்டீரு. சாயங்காலம் ரிப்போர்ட்டுல சைபர். மேனேஜர் கைதட்டியிருப்பாரு. எந்த மேனேஜருக்கு சைபர் கசக்கும்?

கோவிச்சுக்கிடாதேயும். இந்த டூல் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுதான் ஓட்டுனீரா? 2001 மே மாசம் டேவிட் வீலர்னு ஒரு அமெரிக்கக்காரரு இதை வெளியிட்டாரு. அதே நாளு ராட்ஸ்னு இன்னொரு டூலும் வந்திச்சு; ரெண்டு பக்கமும் பேசி வச்சு ஒண்ணா இறக்குனாங்க. அதுக்கு முந்துன வருசமே ஐடிஎஸ்4-ன்னு ஒண்ணு வந்தாச்சு. மூணும் ஒரே ரகம். கோடை வாசிக்கும், கமெண்டைத் தள்ளிரும், எந்த ஃபங்ஷன் பேரு தன் பட்டியல்ல இருக்குன்னு பாக்கும். இருந்தா ஒரு மார்க். அம்புட்டுதான் அடிப்படை வேலை.

மாட்டுச் சந்தையில சுழி பாக்குற தரகரைப் பாத்திருப்பீரு. நெத்தியில சுழி எங்க, முதுகுல சுழி எங்கன்னு தடவித் தடவிப் பாப்பாரு. பாடைச்சுழி கண்டா அந்த மாட்டுக் கயித்தைத் தொடமாட்டாரு. அது ஏர் இழுக்குமா, முட்டுமா, வயித்துக்குள்ள நோவு இருக்கான்னு அவருக்குத் தெரியாது. கேட்டா வெத்தலையை மெல்லுவாரு. ஃபிளாஃபைண்டரும் சுழி பாக்குற ஆளுதான். ஸ்ட்ர்காபின்னு பேரைக் கண்டா 4. சிஸ்டம்னு பேரைக் கண்டா 4. மெம்காபின்னா 2. உள்ள போற சரக்கு எவ்வளவு, வாங்குற பஃபர் எவ்வளவு, நடுவுல யாராவது இஃப் போட்டு அளந்தாங்களா, அதெல்லாம் அதுக்குத் தெரியாது. கம்பைல் ஆகாத கோடைக் கொடுத்தாக்கூட வாசிச்சுட்டு மார்க் போட்டுரும். இதைக் கொறையாச் சொல்லல. சீக்கிரம் ஓடும், எங்கேயும் ஓடும், புதுசா ஒரு கோடு கைக்கு வந்தா எங்க குனிஞ்சு பாக்கணும்னு சொல்லும். வந்ததெல்லாம் ஓட்டை இல்ல, வராத எடத்துலயும் ஓட்டை இருக்கலாம், நீயே கோடைப் பாருன்னு அதுவே சொல்லுது. உம்ம ரிப்போர்ட்டோட கடைசியிலயும் அது இருக்கு. கடைசி வரைக்கும் போயிருந்தீருன்னா கண்டிருப்பீரு.

சில சுழி நெசமாவே ஆளைக் காவு வாங்கும், அதையும் சொல்லிருதேன். கெட்ஸ்னு ஒரு ஃபங்ஷன். உள்ள வர்ற வரியைப் பஃபர்ல கொட்டும். பஃபர் எவ்வளவு பெருசுன்னு அதுகிட்டச் சொல்லுறதுக்கே வழி கெடையாது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் டாப்பன் மாரிஸ்னு கார்னெல்ல படிச்ச ஒரு பையன், எம்ஐடி மெஷின்ல இருந்து ஒரு புழுவை விட்டான். அது நுழைஞ்ச வழியில ஒண்ணு ஃபிங்கர்னு ஒரு சர்வீஸ். அதுல 512 பைட் பஃபர், வாசிக்கிறது கெட்ஸ். புழு அனுப்புனது 536 பைட். மிச்சம் போன 24 பைட்டுல ஃபங்ஷன் திரும்பிப் போற விலாசமே மாறிப்போச்சு. அன்னைக்கு இன்டர்நெட்டுல இருந்த மெஷினே 60,000-ன்னு ஒரு கணக்கு. அதுல 6,000 படுத்துதுன்னு மதிப்புச் சொன்னாங்க. அதுக்கப்பறம் கெட்ஸை சி மொழியோட தரத்துல இருந்து எடுக்கப் பெரியவங்களுக்கு எத்தனை வருசமாச்சு தெரியுமா? 23. சி11 வந்த 2011-லதான் எடுத்தாங்க. அவசரப்படாத மனுசங்க. உம்ம கோட்டுல கெட்ஸ் இருந்தா ஆராய்ச்சி வேண்டாம், வெட்டி எறியும்.

இப்ப உம்ம கைவேலைக்கு வருவோம். ஸ்ட்ர்காபியை ஸ்ட்ர்என்காபி ஆக்குனீரே, மவராசா, அது எதுக்காகப் பொறந்த ஃபங்ஷன்னு தெரியுமா? பழைய யூனிக்ஸ்ல டைரக்டரிக்குள்ள ஒரு ஃபைல் பேருக்கு 14 பைட்டுதான் எடம். பேரு சின்னதா இருந்தா மிச்சத்தைச் சைபரால நெரப்பணும். சரியா 14 இருந்தா முடிவுச் சைபர் வேண்டாம். அந்த மாதிரி அளந்து வச்ச கட்டத்துக்குத்தான் அது லாயக்கு. நீரு அதைச் சாதாரண ஸ்ட்ரிங்குக்குப் போட்டா, மூலம் நீளமா இருக்கிற அன்னைக்கு முடிவுச் சைபர் இல்லாம பஃபர் நிக்கும். அப்பறம் எவனாவது அதுமேல ஸ்ட்ர்லென் போடுவான். அது பஃபரைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் பாஸ்வேர்டைத் தாண்டி, எங்க சைபர் கெடைக்குதோ அங்க வரைக்கும் எண்ணிக்கிட்டே போவும்.

அதோட விட்டீரா? இந்தா, 212-ஆம் வரியில அளவு கேட்ட எடத்துல மூலத்தோட ஸ்ட்ர்லென்னையே கொடுத்திருக்கீரு. வாற விருந்தாளி எத்தனை பேருன்னு விருந்தாளிகிட்டயே கேட்டு, வீட்டுல எடம் இருக்கான்னு பாக்காம கதவைத் தொறந்தாச்சு. இன்னொரு எடத்துல சைஸ்ஆஃப் போட்டிருக்கீரு, பாத்தவுடனே மனசு குளுந்துபோச்சு. கிட்டப் போய்ப் பாத்தா அது ஃபங்ஷனுக்குள்ள வந்த பாயிண்டரு. 64 பிட் மெஷின்ல அதோட சைஸ் எப்பவும் 8. பஃபர் எட்டாயிரமா இருந்தாலும் 8-தான். இதையெல்லாம் பிடிக்கப் பெரிய டூல் ஒண்ணும் வேண்டாம், ஜிசிசி கம்பைலரே சொல்லும். ஸ்ட்ர்என்காபி தப்பா வெட்டுறதைக் காட்டுற வார்னிங்கு 2018-ல ஜிசிசி 8-லயே வந்தாச்சு. நீரு ‘வால்’ ஆப்ஷன் போடாம கம்பைல் பண்ணுறீரு, அது பாவம் வாயை மூடிட்டு இருக்கு.

கூத்து என்னன்னா, ஃபிளாஃபைண்டர் பட்டியல்ல ஸ்ட்ர்காபிக்கு 4, ஸ்ட்ர்என்காபிக்கு 1. நீரு 4-க்குக் கீழ பாக்கவே இல்ல. அதனால மாத்துன கையோட வார்னிங்கு கண்ணுல இருந்து மறைஞ்சிட்டு. ஆபத்து அங்கேயே இருக்கு மருமவனே, மார்க்குதான் கொறஞ்சிருக்கு. ஸ்ட்ரிங்கைப் பாதுகாப்பா எடுத்து வைக்க ஓப்பன்பிஎஸ்டி ஆளுங்க 1998-லயே ஸ்ட்ர்எல்காபின்னு ஒண்ணு எழுதிக் கொடுத்தாங்க. முடிவுச் சைபரைக் கட்டாயம் போடும், எவ்வளவு நீளம் இருந்துதுன்னும் திருப்பிச் சொல்லும். லினக்ஸ்ல இருக்கிற ஜிலிப்சி அதை வீட்டுக்குள்ள விட்டது 2023-ல. அது வரைக்கும் வேண்டாம் வேண்டாம்னு ஒரே சண்டை. உமக்கு அது கெடைக்கலைன்னா எஸ்என்பிரிண்ட்எஃப் இருக்கு. ஆனா அது திருப்பித் தர்ற எண்ணைப் பாரும். எழுதுனது எவ்வளவுன்னு சொல்லாது, எடம் இருந்திருந்தா எவ்வளவு எழுதியிருப்பேன்னு சொல்லும். அந்த எண்ணை நம்பி அடுத்ததைப் பஃபர்ல ஒட்டப் போனவங்க பலபேரு வெளிய விழுந்திருக்காங்க.

ஒரு எடத்துல உம்மைப் பாராட்டணும். பிரிண்ட்எஃப்-க்கு யூசர் கொடுத்ததையே நேரா ஃபார்மட்டாக் கொடுத்திருந்த எடத்தை எல்லாம் திருத்திட்டீரு. சதவீதக் குறியும் எஸ்ஸும் முன்னால போட்டாச்சு. சபாஷ். 2000-ஆம் வருசம் டபிள்யூயூ-எஃப்டிபிடின்னு ஒரு சர்வர் இதே தப்புல மாட்டிச்சு. பிரிண்ட்எஃப் குடும்பத்துல சதவீதம் என்-ன்னு ஒண்ணு இருக்கு, அச்சடிக்கிற ஃபங்ஷனையே மெமரியில எழுத வச்சிரும். கோடை ஓட்டாம வாசிச்சே பாக்குற ஸ்டேட்டிக் அனலிசிஸுக்கு இது லட்டு மாதிரி வேலை: ஃபார்மட்டு எடத்துல நெலையான ஸ்ட்ரிங் இருக்கா இல்லையான்னு பாத்தாப் போதும். அதனாலதான் இந்த ரகம் இப்ப கொறஞ்சுபோச்சு.

சுழி பாக்குறதை விட்டுட்டு, கோடு நடக்குற தடத்துலயே நடந்து பாக்குற டூலும் உண்டு. 2007-ல டேனியல் மார்ஜமாக்கி ஆரம்பிச்ச சிபிபிசெக், கிளாங்கோட அனலைசர், 2020-ல டேவிட் மால்கம் ஜிசிசி 10-க்குள்ள கொண்டுவந்த அனலைசர், காசு கொடுத்து வாங்குற கவரிட்டி. இதுங்க கோடை ஓட்டாது. ஆனா இஃப் இந்தப் பக்கம் போனா என்ன, அந்தப் பக்கம் போனா என்னன்னு ஒவ்வொரு தடமா மனசுக்குள்ள போயிப் பாக்கும். ஃப்ரீ பண்ணுன மெமரியை எரர் வந்த பாதையில இன்னொரு தடவை ஃப்ரீ பண்ணுறது, மேலாக் தோத்துப்போனதைக் கேக்காம உள்ள எழுதுறது, ரீயலாக் திருப்பிக் கொடுத்ததைப் பழைய பாயிண்டர்லயே போட்டு, அது நல் ஆனதும் பழைய மெமரியைத் தொலைக்கிறது, இதெல்லாம் மனுசக் கண்ணுக்குச் சலிப்பு. நாப்பதாவது எரர் பாதையை எவன் வாசிப்பான்? அது வாசிக்கும், கொட்டாவி விடாது.

2009-ல லினக்ஸ் கெர்னல்ல டன்-னு ஒரு நெட்வொர்க் டிரைவர்ல நடந்தது இந்தக் கணக்குல வரும். முதல் வரியில பாயிண்டருக்குள்ள போயி ஒரு மதிப்பை எடுத்தாச்சு. அதுக்குக் கீழ, அந்தப் பாயிண்டர் ‘நல்’-ஆ இருந்தா திரும்பிப் போன்னு ஒரு சோதனை. உள்ள போயிட்டு வந்து வீடு இருக்கான்னு கேட்ட கணக்கு. ஜிசிசி என்ன நெனைச்சுது? ‘மேல இதுக்குள்ள போயிட்டானே, அப்ப இது நல்-ஆ இருக்க முடியாது, கீழ உள்ள சோதனை வெட்டி’ன்னு அந்தச் சோதனையையே எடுத்துப் போட்டுது. சி மொழிச் சட்டப்படி கம்பைலர் மேல ஒரு குத்தமும் இல்ல. ஓட்டையைப் பிடிச்சவன் அது வழியா ரூட் ஆனான். பயன்படுத்திட்டு அப்பறமா சோதிக்கிற இந்த ரகத்தைத் தடம் பாக்குற டூல் லேசாப் பிடிக்கும். ஆனா அப்படி ஒரு டூல் காட்டியிருந்தாலும், ‘அதான் கீழ சோதிச்சிருக்கே, ஃபால்ஸ் பாசிட்டிவ்’னு நீரே அடிச்சிருப்பீரு. உம்ம கோட்டுலயும் இதே இருக்கு, 640-ஆம் வரியைப் பாரும்.

சுழியே இல்லாத எடத்துல ஓட்டை இருந்ததுக்கும் ஒரு கதை இருக்கு. 2002 ஜூன்ல ஓப்பன்எஸ்எஸ்ஹெச். பேரைக் கேட்டாலே பத்திரம்னு நம்புற சாமான். எத்தனை பதில் வருதுன்னு எதிராளி ஒரு எண் அனுப்புவான். அந்த எண்ணை ஒரு பாயிண்டரோட சைஸால பெருக்கி அவ்வளவு மெமரி எடுக்கணும். 32 பிட் மெஷின்ல பாயிண்டர் 4 பைட். எதிராளி 107,37,41,825-ன்னு அனுப்புனா? 4-ஆல பெருக்கிப் பாரும். 32 பிட்டுக்குள்ள அடங்காம உருண்டு வந்து 4-ல நிக்கும். 4 பைட் எடுத்து வச்சுட்டு நூத்தியேழு கோடிப் பதிலை வரிசையா எழுத உக்காந்தாச்சு. இதுல ஸ்ட்ர்காபி எங்க, கெட்ஸ் எங்க? ஒரு பெருக்கல் குறிதான் இருக்கு. அதை எழுதுற ஓப்பன்பிஎஸ்டிக்காரங்க அது வரைக்கும் அஞ்சு வருசமா வெளியில இருந்து புகுற ஓட்டையே இல்லைன்னு முகப்புலயே போட்டிருந்தாங்க. இதுக்கப்பறம் ஒண்ணே ஒண்ணுன்னு மாத்த வேண்டியதாப் போச்சு. உம்ம கோட்டுல மேலாக்குக்குள்ள பெருக்கல் இருக்கிற எடத்தை எல்லாம் தேடும். எதிராளி அனுப்புன எண்ணு அதுல இருந்தா, கேலாக்குக்கு மாத்தும். இப்ப உள்ள நல்ல லைப்ரரியில அந்தப் பெருக்கலை அதுவே சரிபாக்கும்.

நீரு 2-ன்னு தள்ளுன மெம்காபி கதைக்கு வாரேன். ஹார்ட்பிளீட் ஞாபகம் இருக்கா? 2014 ஏப்ரல் 7. ஓப்பன்எஸ்எஸ்எல்ல உயிரோட இருக்கியான்னு கேக்குற ஒரு சின்ன மெசேஜ். கேக்குறவன் கொஞ்சம் எழுத்து அனுப்புவான், அது எத்தனை பைட்டுன்னு அவனே ரெண்டு பைட்டுல சொல்லுவான், சர்வர் அதையே திருப்பி அனுப்பணும். அனுப்புனது ஒரு பைட், சொன்னது 65,535-ன்னா? சர்வர் சொன்னதை நம்பி, வந்த மெசேஜுக்குப் பக்கத்துல மெமரியில கெடந்ததை எல்லாம் வாரி அனுப்பிருச்சு. சாவி, பாஸ்வேர்டு, எது கெடந்துதோ அது. 2012 மார்ச்ல வெளிவந்த 1.0.1-ல இருந்து ரெண்டு வருசம் அப்படியே கெடந்துது. திருத்துனது என்ன? சொன்ன நீளமும் தலைப்பும் நெரப்பும் சேர்ந்து உண்மையா வந்த நீளத்தைத் தாண்டுனா பேசாம இருன்னு ஒரு இஃப்.

அந்த எடத்துல இருந்ததும் சாதாரண மெம்காபிதான். ஃபிளாஃபைண்டர் கணக்குல 2. உம்ம கையில கெடைச்சிருந்தா சாயங்காலக் காப்பிக்குள்ள தூக்கியிருப்பீரு. சிரிக்காதேயும், பெரிய டூலும் அங்க கோட்டை விட்டுது. கவரிட்டி ஓப்பன்எஸ்எஸ்எல் மேல ஓடிட்டுத்தான் இருந்துது, அது கண்ணுலயும் படல. ஏன்னா அந்த நீளம் வெளியில இருந்து வந்ததுன்னு தெரியணும். ஓப்பன்எஸ்எஸ்எல்ல பாக்கெட்டு வாற பாதை அத்தனை சுத்து, பாயிண்டர் பாயிண்டரா மாறி மாறி வரும், பின்தொடர்ந்து போனா டூலுக்கே தலை சுத்தும். ஓட்டை வெளியானதும் அவங்க ஒரு புத்தி பண்ணுனாங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ‘பாதையைத் தேட வேண்டாம். எவனாவது ரெண்டு பைட்டை வரிசை மாத்தி ஒரு எண்ணாச் சேர்த்தான்னா, அந்த எண்ணு நெட்வொர்க்குல இருந்துதான் வந்திருக்கணும். வேற எதுக்கு ஒருத்தன் பைட்டை வரிசை மாத்துவான்?’ அப்படி வந்த எண்ணை எல்லாம் அழுக்குன்னு குறிச்சு வச்சு, அது அளக்காம மெம்காபி வரைக்கும் போவுதான்னு பாத்தாங்க. ஹார்ட்பிளீட் மாட்டிச்சு. பழகுன கோட்டுக்காரன் எதை எதுக்காகச் செய்வான்னு யோசிச்ச ஆளுக்குக் கெடைச்ச வழி அது.

எல்லா ஓட்டையையும் தப்பில்லாமச் சொல்லுற டூல் ஒண்ணு சொல்லும் மாமான்னு கேக்கப்போறீரு. கெடையாது. காசு பத்தாததுனால இல்ல. 1953-லயே ஹென்றி கோர்டன் ரைஸ்னு ஒருத்தரு நிரூபிச்சு வச்சுட்டாரு: ஒரு புரோகிராம் என்ன செய்யும்ங்கிறதைப் பத்தி உருப்படியான எந்தக் கேள்விக்கும், எல்லாப் புரோகிராமுக்கும் சரியாப் பதில் சொல்லுற ஒரு பொதுவழி இருக்க முடியாது. ஆகையினால ஒவ்வொரு டூலும் எதையாவது விட்டுக்கொடுக்கணும். ஒண்ணு வீணாக் கத்தும், இல்ல கத்த வேண்டிய எடத்துல தூங்கும். பெரும்பாலும் ரெண்டும் செய்யும்.

அந்தக் கவரிட்டிக்காரங்க ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில டாசன் எங்லர் கூட்டத்துல இருந்து கெளம்புனவங்க. ஊர் ஊராப் போயி டூல் வித்த கதையை 2010-ல எழுதுனாங்க. வீண் வார்னிங்கு நூத்துக்கு முப்பதைத் தாண்டுனா புரோகிராமருங்க டூலையே திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னு அதுல இருக்கு. அது ஞாயம். ஆனா இன்னொரு சங்கதியும் இருக்கு: ஒருத்தருக்கு வார்னிங்கு புரியலைன்னா, அவரு அதை ஃபால்ஸ் பாசிட்டிவ்னே சொல்லிருவாரு. பஃபரோட கடைசியைத் தாண்டி ஒரு எடம் எழுதலாம், சி மொழிச் சட்டமே விடுதுன்னு அவங்ககிட்ட ஒருத்தரு அடிச்சுப் பேசுனாராம். சட்டம் விடுறது கடைசிக்கு அடுத்ததைக் காட்டுறதை மட்டும், எழுதுறதை இல்ல. இன்னொரு எடத்துல ஓட்டையைக் காட்டுனா, ஆமா, அது விழுந்தா ஆளுங்க போன் பண்ணுவாங்க, அதுக்கு என்ன இப்பன்னு தோளைக் குலுக்குனாங்களாம். டூலோட புது வெர்ஷன் கூடக் கொஞ்சம் ஓட்டையைக் காட்டுனா மேனேஜருங்களுக்குக் கோவம் வந்திருக்கு, ஏன்னா அவங்க வரைபடம் மேல போயிருதுல்லா. உம்ம மேனேஜர் ஒண்ணும் புது ரகம் இல்ல.

சத்தத்தை அணைக்கிறதுல எவ்வளவு தூரம் போகலாம்னு பாக்கணும்னா டெபியன் லினக்ஸைப் பாரும். 2006-ல ஓப்பன்எஸ்எஸ்எல்லோட ராண்டம் எண் உண்டாக்குற கோடு மேல வால்கிரிண்ட் ஓட்டுனாங்க. அது ஓடும்போது பாக்குற டூல், ஸ்டேட்டிக் இல்ல, ஆனாலும் கதை ஒண்ணுதான். மதிப்பு வைக்காத மெமரியை வாசிக்கிறேன்னு வார்னிங்கு. டெபியன்ல அந்தப் பேக்கேஜைப் பாத்துக்கிட்ட நல்ல மனுசன் அந்த மாதிரி ரெண்டு வரியை எடுத்துட்டாரு. கேக்காமலும் எடுக்கல, ஓப்பன்எஸ்எஸ்எல் ஆளுங்ககிட்டக் கேட்டாரு, யாரும் குறுக்க விழுந்து தடுக்கல. ஒரு வரி போனதுல பெரிய நட்டமில்ல. இன்னொரு வரிதான் வெளியில இருந்து சேர்க்கிற தற்செயலை எல்லாம் உள்ள கலக்குற வரி. அது போனதும், சாவி உண்டாக்குறதுக்கு மிச்சம் இருந்தது புரோசஸ் நம்பரு மட்டும். 32,768 வாய்ப்பு. டெபியன்லயும் உபுண்டுலயும் ரெண்டு வருசமாப் பொறந்த எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாம் ஒரு பட்டியலுக்குள்ள அடக்கம். 2008 மே 13-ஆம் தேதி உலகத்துக்கே தெரிஞ்சுது. வால்கிரிண்டு மட்டும் அந்த ரெண்டு வருசமும் ஒரு வார்த்தை பேசல. ரிப்போர்ட்டு உம்மது மாதிரியே சுத்தம்.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு: ஆப்பிள்ல 2014 பிப்ரவரியில வெளியான ‘கோ-டூ ஃபெயில்’ ஓட்டை. ஒரே ‘கோ-டூ’ வரி ரெண்டு தடவை ஒட்டிப்போச்சு, அதுக்குக் கீழ இருந்த கையெழுத்துச் சோதனைக்கு யாரும் போகவே வழியில்ல. எட்ட முடியாத கோடு இருக்குன்னு சொல்ல கிளாங்ல ஆப்ஷன் இருந்துது; ஆனா ‘வால்’ போட்டாலும் அது சேந்து வராது, தனியாக் கேட்டு வாங்கணும். யாரும் கேக்கல.

சரி, இப்ப என்ன செய்யணும்னு கேக்குதீரு. மொதல்ல அந்தச் சைபர் ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கும். ‘வால்’, ‘எக்ஸ்ட்ரா’ ரெண்டையும் போட்டுக் கம்பைல் பண்ணும். கம்பைலர் சும்மா கொடுக்கிறதை வாங்காம வேற டூலுக்குக் காசு கேக்காதேயும். அப்பறம் தடம் பாக்குற டூல் ரெண்டை ஓட்டும், ரெண்டும் ஒரே எடத்தைக் காட்டாது, அது நல்லதுதான். ஆயிரம் வார்னிங்கையும் மார்க் வரிசையில வாசிக்காதேயும். வெளி ஆளு அனுப்புன பைட்டு எந்த ஃபைல் வழியா உள்ள வருதுன்னு பாத்து, அந்த ஃபைல்ல இருந்து தொடங்கும். அங்க வந்த 2, உள்ளுக்குள்ள கெடக்குற 5-ஐ விடப் பெருசு. பாக்கெட்டு பிரிக்கிற ஃபைல், படம் பிரிக்கிற ஃபைல், காண்ஃபிக் வாசிக்கிற ஃபைல். ஒவ்வொரு வார்னிங்குக்கும் மூணே கேள்வி: நீளம் யாரு சொன்னது, எடம் யாரு எடுத்தது, ரெண்டையும் யாரு ஒப்பிட்டது. மூணாவதுக்குப் பேரு சொல்ல முடியலைன்னா அதான் ஓட்டை. அட்ரஸ் சானிடைசர் போட்டு ஃபஸ்ஸரையும் ராத்திரி ஓட விடும், அதைப் பத்தி இன்னொரு நாளு பேசுவோம்.

பழைய குப்பை எல்லாத்தையும் ஒரே வாரத்துல அள்ள முடியாதுன்னு எனக்கும் தெரியும். இன்னைக்கு வந்ததை ஹிட்லிஸ்டா எழுதி வச்சுக்கிட்டு, நாளைக்குப் புதுசா மொளைச்சதை மட்டும் காட்டச் சொல்ல ஃபிளாஃபைண்டர்லயே வழி இருக்கு. புதுசு சேராமப் பாத்துக்கிடும், பழசுல நெட்வொர்க்குப் பக்கம் இருக்கிறதை வாரத்துக்குக் கொஞ்சமாத் தீத்துக்கிட்டே வாரும். மூடி வைக்க வேண்டிய வார்னிங்குன்னா, ஏன் பாதுகாப்புன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதும், பேரும் தேதியும் போடும். இப்ப உம்ம கோட்டுல ‘ஃபிளாஃபைண்டர்: இக்னோர்’னு கமெண்டு வரிசையா நிக்குதே, ஒண்ணுலயும் காரணம் இல்ல. ராத்திரியோட ராத்திரியா ஸ்கிரிப்ட் போட்டு ஒட்டுனீரோ?

ஒட்டுனா ஒட்டுனதுதான், விடும். அந்த டூல்ல ‘நெவர்இக்னோர்’னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டு ஓட்டுனா இக்னோர் கமெண்டு எதையும் மதிக்காது, மூடுனது அத்தனையும் ரிப்போர்ட்டுல வரிசையா வந்து நிக்கும். உங்க டீம் லீடு யாரு, போன வருசம் கல்யாண வீட்டுல பக்கத்துல உக்காந்து பாயசம் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சாரே, அந்தக் கண்ணாடிக்காரருதானே? நல்ல மனுசன். அவரு நம்பரு என் போன்ல இருக்கு. திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கேன்.